வெள்ளிக்குக் கஞ்சி போட்ட கதை

பெங்களூரிலிருந்து ஓசூர் வரும் பேருந்தில் ஒரு வழக்கம் உண்டு. அத்திப்பள்ளிவரை எல்லாரும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். மாநில எல்லையில் ஜூஜுவாடிச் சோதனைச்சாவடியின் லாரி வரிசை கண்ணில் பட்டதும் யாராவது ஒருவர் எழுந்து மேலே வைத்த பையை இழுப்பார். அவ்வளவுதான். பேருந்து நிலையம் இன்னும் எங்கேயோ இருக்கும். ஆனாலும் அவரைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று பேருந்தே எழுந்து நின்றுவிடும். எழுந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, வண்டி குலுங்குகிற தாளத்துக்கு ஒன்றாக ஆடுவார்கள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மாலை எனக்கு உட்கார இடமே கிடைக்கவில்லை. நடுவில் இருக்கும் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி வந்தேன். ஜூஜுவாடியில் வழக்கம்போல் பேருந்து எழுந்தது. எழுந்த கூட்டம் என்னையும் கம்பியையும் சுற்றித்தான் அதிகமாக நெருக்கியது. முன்னால் இடம் இருந்தது, பின்னாலும் இருந்தது. ஆனால் கம்பியைச் சுற்றி மட்டும் மூச்சுவிட முடியவில்லை. அப்போதுதான் மண்டையில் பளிச்சென்றது.

"ஏய், கம்பிடி!" என்று கத்தினேன்.

உட்கார இடம் கிடைத்துத் தூங்கிக்கொண்டு வந்த தோழி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். உத்தனப்பள்ளிக்காரி. எங்கள் எம்.எஸ்ஸி. இயற்பியல் வகுப்பில் எனக்கு இருக்கும் ஒரே பொறுமைசாலி.

"என்னா கம்பி? வாந்தி வருதா?"

"வாந்தி இல்லடி. மின்னுற தண்ணிக்குள்ள கம்பிய நட்டா என்ன ஆவும்?"

"ஷாக் அடிக்கும். எறங்குடி, ஓசூரு வந்துடுச்சி."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அன்று காலை பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம் மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. இரண்டு பேரும் போயிருந்தோம். அங்கே ஒரு கண்ணாடிக் குப்பியில் இளஞ்சிவப்புச் சாயத் தண்ணீர். அதன்மேல் பச்சை லேசர் பட்டதும் குப்பி முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. பச்சை ஒளியை வாங்கிய சாய மூலக்கூறுகள் நெஞ்சு நிறைய ஆற்றலோடு உட்கார்ந்திருக்கின்றனவாம். அந்த வழியாக ஓர் ஒளிக்கீற்று கடந்து போனால், அதைப் பார்த்து இவையும் ஒவ்வொன்றாகத் தங்கள் ஒளியை விடுகின்றனவாம், அதே திசையில், அதே தாளத்தில். போகப் போகக் கீற்று பெருத்துக்கொண்டே போகும். ஒளியைப் பெருக்கும் பொருள் என்று இதற்குப் பெயர். எனக்கு இது உடனே பிடிபட்டது. ஜூஜுவாடி வழியாகப் போய்வருகிற யாருக்கும் பிடிபடும்.

பிடிபடாதது அடுத்து அங்கே திரையில் காட்டிய படம். தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் அடுக்கி வைக்கலாம், அவ்வளவு சின்ன வெள்ளித் துகள்கள். ஒளி பட்டதும் அந்தத் துகளில் இருக்கும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகின்றன. அதனால் துகளை ஒட்டிய இடத்தில் மட்டும் ஒளி வந்து குவிகிறது. அதே துகள் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிச் சூடாகவும் ஆக்கிவிடுகிறது. குவிப்பதும் அதுதான், தின்பதும் அதுதான் என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பேருந்துக் கம்பி பதில் சொன்னது. தின்றால் தின்னட்டும். சுற்றிலும் ஒளி பெருகிக்கொண்டே இருக்கும் இடத்தில் அதை நட்டுவிட்டால், அது தின்றதுபோக மிச்சம் இருக்குமே. குவித்த லாபம் நமக்கு வருமே.

அடுத்த சனிக்கிழமையே திரும்பப் போனோம். அந்தச் சாயக் குப்பியை எங்களுக்குக் காட்டிய ஆராய்ச்சி மாணவி பெங்களூர்த் தமிழ் பேசுகிறவர். அக்கா என்று கூப்பிட்டுவிட்டோம். நான் கம்பிக் கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"ஐடியா நல்லாருக்குமா. ஆனா நீ மட்டும் நினைச்சதில்ல, பெரிய பெரிய லேப்ல எல்லாம் இப்ப இதான் பண்றாங்க. எல்லாரும் முட்டிக்கிற எடமும் ஒண்ணுதான். வெள்ளியப் போட்டா சாயம் மங்கிடுது."

"நான் ஒருதடவை போட்டுப் பாக்கட்டுமாக்கா? இங்க இருக்குற லேசர்ல?"

"அய்யோ, இந்த லேசர் எனக்கே க்யூல நின்னுதான் கெடைக்குது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணு. வெள்ளி போட்ட பெறகும் மங்காத ஒரு குப்பியக் கொண்டா. என் டர்ன்ல ஒரு மத்தியானம் உனக்குத் தரேன். நல்லா வந்தா உன் ப்ராஜெக்டே இங்க பண்ணு. மங்கிச்சுனா பஸ் ஏறாத."

கிளம்பும்போது ஒரு சிட்டிகை சாயப் பொடியைச் சிறு சிமிழில் போட்டு என் கையில் வைத்தார்.

அந்த ஒரு மதியம் எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லியாக வேண்டும். எங்கள் கல்லூரியில் எம்.எஸ்ஸி. ஆய்வு என்றால் எண்ணெய். எண்ணெய்க்குள் ஒலி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்க வேண்டும். எனக்கு முந்தைய அணி கடலை எண்ணெய், அதற்கு முந்தையது நல்லெண்ணெய். கருவி அதேதான், கணக்கு அதேதான், முன்னுரைகூட அதேதான், எண்ணெய்தான் மாறும். தீபாவளி விடுமுறைக்குள் ஆய்வுத் தலைப்பைக் கொடுத்தாக வேண்டும். எனக்கு விளக்கெண்ணெய் ஒதுக்கியிருந்தார்கள். ஒளிக்கும் விளக்கெண்ணெய்க்கும் நடுவில் நான் நின்றேன்.

வெள்ளித் துகள் செய்வது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துக்கொண்டேன். கல்லூரி வேதியியல் கூடத்தில் சில்வர் நைட்ரேட் கரைசலைக் கொதிக்கவிட்டு, அதில் சோடியம் சிட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால், நிறமே இல்லாத தண்ணீர் மெல்ல மஞ்சளாகும். அந்த மஞ்சள்தான் வெள்ளி. கட்டியாக இருந்தால் வெள்ளையாகப் பளபளக்கிற அதே வெள்ளி, இத்தனை சின்னதாகிவிட்டால் ஊதாப் பக்கத்து ஒளியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறது. நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. முதல்முறை நிறம் மாறியபோது நான் குதித்த குதியில் பக்கத்து மேசைப் பெண்ணின் பியூரெட் ஆடியது.

வீட்டில் இதையெல்லாம் வைக்க அம்மா விடவில்லை. என் விரல்கள் சில்வர் நைட்ரேட் பட்டுக் கறுத்திருந்ததே அதற்குப் போதுமான காரணம். அதனால் சிப்காட் பக்கம் என் தாய்மாமன் வைத்திருக்கும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். இருசக்கர வண்டிக் கம்பெனிக்குச் சின்னச் சின்ன உருளைகள் கடைந்து கொடுக்கும் பட்டறை. கருவிகள் வைக்கும் அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது, நல்ல இருட்டு. எனக்கு வேண்டியது அதுதான்.

மாமா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து வருடக்கணக்காகிறது. பேச்சு மட்டும் இன்னும் ஓசூருக்கு வந்து சேரவில்லை. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏட்டி, இது என்ன தண்ணி? கோமியம் மாதிரில்லா இருக்கு."

"வெள்ளி, மாமா."

"இதா வெள்ளி? உங்க அம்மைகிட்ட சொல்லிராத. கொலுசக் கரைச்சிட்டேன்னு நெனச்சு அழப்போறா."

ஒரு செருப்புப் பெட்டிக்கு உள்ளே கறுப்புத் தாள் ஒட்டினேன். நடுவில் குப்பி. ஒரு பக்க ஓட்டை வழியாகப் பெங்களூரில் வாங்கிய பச்சை லேசர் பேனா. இன்னொரு பக்க ஓட்டையில் வெளிச்சத்தை உணரும் சிறு வில்லை, அதிலிருந்து இரண்டு கம்பிகள் மாமாவின் மல்டிமீட்டருக்கு. பச்சை ஒளி நேரே வில்லைக்குப் போய்விடக் கூடாது, சாயம் விடுகிற ஆரஞ்சு மட்டும்தான் போக வேண்டும். அதற்குத் தோழி வழி சொன்னாள். அவள் ஊரில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள் நிறைய. பூங்கொத்து சுற்றுகிற ஆரஞ்சுக் கண்ணாடித்தாளில் ஒரு துண்டு கொண்டுவந்தாள். மடித்து ஒட்டினோம். பச்சை அப்படியே நின்றுவிட்டது.

வில்லையில் வெளிச்சம் கூடினால் மீட்டரில் எண் இறங்கும். மாமாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"எண்ணு கொறஞ்சா சந்தோசப்படுதியே, பரீட்சையிலயும் அப்படித்தானா?"

சந்தோஷப்பட வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. சாயம் மட்டும் இருந்தால் எண் நன்றாக இறங்கியது. ஒரு சொட்டு வெள்ளித் தண்ணீர் விட்டதும் ஏறியது. இன்னொரு சொட்டு, இன்னும் ஏற்றம். சாயத்தைக் கூட்டினேன், வெள்ளியைக் குறைத்தேன், குலுக்கினேன், குலுக்காமல் வைத்தேன். எப்படிச் செய்தாலும் வெள்ளி போட்ட குப்பி மங்கியது. அக்கா சொன்ன அதே இடத்தில் நானும் போய் முட்டிக்கொண்டேன். ஆயுத பூஜை நெருங்கியபோது கைவசம் கொஞ்சம் வெள்ளித் தண்ணீர்தான் மிச்சம். கல்லூரியில் சில்வர் நைட்ரேட் பாட்டிலும் காலி. தோழி ஆறுதல் சொன்னாள்.

"விளக்கெண்ணெயும் நல்லதுதான்டி. வயித்துக்கு."

ஓசூரில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. பெரிய கம்பெனியிலிருந்து பஞ்சர் கடைவரை எல்லா இயந்திரமும் அன்று குளித்து, பொட்டு வைத்து, மாலை போட்டுக்கொண்டு நிற்கும். மாமா பட்டறையில் அந்தப் பொறுப்பு லேத் ஓட்டும் அண்ணனுடையது. அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்துக்காரர். ஊருக்குப் போகும் பேருந்தே அரிது என்பதால் பண்டிகையைப் பாதி பட்டறையிலேயே கொண்டாடிவிடுவார். அவர் பொட்டு வைக்கக் கிளம்பினால் எதையும் விடமாட்டார். லேத், துளைபோடும் இயந்திரம், கம்ப்ரஸர், ஸ்பேனர் ஒவ்வொன்றாக, மாமாவின் மொபெட், கால்குலேட்டர், தொலைபேசி, கதவுக் கொண்டி. எல்லாவற்றிலும் சந்தனம், அதன்மேல் ஒரு கை குங்குமம்.

பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு கருவி அறைக்குள் போனேன். மல்டிமீட்டர் நெற்றியில் பொட்டு. செருப்புப் பெட்டிக்கு மாலை. என் வெள்ளித் தண்ணீர்க் குப்பியின் கழுத்தில் பட்டையாகச் சந்தனமும் குங்குமமும். போதாதென்று மூடியைத் திறந்து விளிம்பிலும் அப்பியிருந்தார். பாதி உள்ளே விழுந்து கலங்கிக் கிடந்தது.

"அண்ணா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!"

"ஏன் பாப்பா? ஸ்பேனருக்கெல்லாம் வெச்சிட்டு இத உட்டா, இது கோச்சிக்காது?"

"இதுக்குள்ள தூசுகூட விழக்கூடாதுண்ணா!"

"குங்குமம் தூசா? என்னா பேச்சு பேசுற நீ? கன்னத்துல போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது? அதைவிட்டால் என் பையில் ஒரு சின்னச் சீசா அளவு வெள்ளித் தண்ணீர்தான் பாக்கி. எப்படியாவது காப்பாற்றப் பார்ப்போம் என்று, டீ போடும் ஸ்டவ்வில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் குப்பியை நிறுத்திச் சூடாக்கினேன். குங்குமம் அடியில் தங்கிவிடும், மேலே தெளிவதை வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. நன்றாகக் கொதித்தது. வடிகட்டியும் நிறம் போகவில்லை. பஞ்சுமிட்டாய் நிறத்தில் ஒரு தண்ணீர் மிஞ்சியது. இது தேறாது என்று தெரிந்தும், கை சும்மா இருக்காமல் பெட்டிக்குள் வைத்துப் பச்சைப் பேனாவை அமுக்கினேன்.

மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது.

மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். பேனாவை அணைத்து மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அதே இறக்கம். அக்கா தந்த சாயத்தில் ஒருநாளும் இவ்வளவு இறங்கியதில்லை. நான் போட்ட சத்தத்தில் மாமா பொரிப் பொட்டலத்தோடு ஓடிவந்தார். பட்டறைத் தொலைபேசியிலேயே பெங்களூருக்குப் போட்டேன். நல்லவேளை, அக்கா எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்.

"அந்தக் குங்குமத்துலயே சாயம் இருக்கும்மா. மட்டமான குங்குமத்துல போட்றது ஏறக்குறைய இதே சாயம்தான். சாயத்த அள்ளிப் போட்டா மின்னத்தான் செய்யும். வெள்ளி என்ன பண்ணுச்சு அதுல? வெள்ளி இல்லாம அதையே பண்ணிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. காற்றுப்போன பலூன் மாதிரி உட்கார்ந்தேன். அக்கா சொன்னதை நான் சொல்லக் கேட்ட லேத் அண்ணனுக்குக் கோபம் வேறு வகையில்.

"மட்டமான குங்குமமா? யாரு சொன்னது அந்தம்மா? தேன்கனிக்கோட்டையில தேர்த்திருவிழா கடையில வாங்குனது."

மறுநாள் தோழியையும் இழுத்துக்கொண்டு போனேன். அண்ணனின் குங்குமத்தைச் சம அளவில் இரண்டாகப் பிரித்தோம். ஒன்றை வெறும் தண்ணீரில், இன்னொன்றை சீசாவில் மிச்சமிருந்த வெள்ளித் தண்ணீரில் போட்டு, இரண்டு குப்பிகளையும் ஒரே பாத்திரத்தில் நிறுத்திக் கொதிக்கவைத்து, ஒன்றாக வடிகட்டினோம். வெறும் தண்ணீர்க் குப்பியை முதலில் வைத்தோம். எண் இறங்கியது. அக்கா சொன்னது சரிதான், குங்குமச் சாயமே மின்னுகிறது. அடுத்து வெள்ளிக் குப்பி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடிப்பாவி, இன்னும் எறங்குதுடி" என்றாள் தோழி.

வெள்ளி போட்டும் மங்கவில்லை. மங்காதது மட்டுமல்ல, கூடியிருந்தது. குப்பிகளை இடம் மாற்றி வைத்தாலும் அப்படியே. அக்கா தந்த சுத்தமான சாயத்தை மங்கடித்த அதே வெள்ளி, திருவிழாக் கடைக் குங்குமத்தோடு மட்டும் ஒத்துப்போகிறதே, ஏன்? சாயம் ஏறக்குறைய ஒன்று, வெள்ளியும் ஒன்று. அப்படியென்றால் குங்குமத்தில் வேறு ஏதோ இருக்கிறது.

தோழி கொதித்த குப்பியின் வாயை விரலால் தொட்டுப் பார்த்தாள். தேய்த்தாள். மோந்து பார்த்தாள்.

"பிசுபிசுன்னு இருக்குடி. எங்கம்மா புடவைக்குக் கஞ்சி போட்டா கை இப்பிடித்தான் இருக்கும்."

பட்டறை முதலுதவிப் பெட்டியில் டிங்சர் அயோடின் இருந்தது. ஒரு சிட்டிகைக் குங்குமத்தை நனைத்து அதில் ஒரு சொட்டு விட்டோம். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் விட்டுப் பார்த்த அதே சோதனைதான். சிவப்புக்கு நடுவில் கருநீலம் திட்டுத் திட்டாகப் பரவியது. மாவு! எடை கூட்டுவதற்காக யாரோ குங்குமத்தில் மாவு கலந்திருக்கிறார்கள். நான் அதைக் கொதிக்கவைத்துக் கஞ்சியாக்கியிருக்கிறேன். கஞ்சி போய் வெள்ளித் துகள் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய சட்டையாகப் படிந்திருக்கிறது.

அந்த நிமிஷம் மறுபடியும் அந்தப் பேருந்து என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கூட்டம் கம்பியைச் சுற்றித்தான் நெருக்கும், சரி. ஆனால் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பவர் என்றைக்காவது முதலில் இறங்கியிருக்கிறாரா? அன்று நானே கடைசியில்தான் இறங்கினேன். கம்பிக்கு ஒரு கை தள்ளி நிற்பவர்தான் நெரிசலின் வேகத்தில் பொசுக்கென்று வாசலுக்குப் போய்விடுகிறார். சாயமும் அப்படித்தான். வெள்ளியோடு ஒட்டிக்கொண்டால் அதன் ஆற்றலை வெள்ளி உறிஞ்சிவிடுகிறது. கஞ்சிச் சட்டையின் தடிமன் அளவுக்குத் தள்ளி நின்றால், குவிந்த ஒளி மட்டும் கிடைக்கிறது, உறிஞ்சல் இல்லை. நான் இத்தனை நாளும் சாயத்தை வெள்ளியின் மடியில் உட்காரவைத்துவிட்டு, ஏன் மங்குகிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். தோழி கிருஷ்ணகிரியில் படிக்கும் தன் சித்தி பெண்ணிடம் கெஞ்சி, அவள் கல்லூரியிலிருந்து கொஞ்சம் சில்வர் நைட்ரேட் வரவழைத்தாள். நான் எங்கள் வீட்டு அடுப்பில் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சினேன். அப்பாவின் வெள்ளை வேட்டிக்குப் போடும் அதே கஞ்சி, இன்னும் நீர்க்க. அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எம்மெஸ்ஸியில கஞ்சி காய்ச்சத்தான் சொல்லித் தாராவளோ? அத நானே சொல்லித் தந்திருப்பேனே."

இம்முறை குங்குமம் இல்லை. அக்காவின் சுத்தமான சாயம்தான். சாயமும் கஞ்சியும் மட்டும் ஒரு குப்பி. சாயம், கஞ்சி, வெள்ளி மூன்றும் ஒரு குப்பி. வெள்ளியைக் கஞ்சியோடு கலந்து சூடாக்கி, சட்டை மாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் சாயத்தைச் சேர்த்தோம். வெள்ளிக் குப்பி மங்காமல் ஜெயித்தபோது, கருவி அறைக்குள் இரண்டு பேர் ஆடுவதற்கு இடமே இல்லாதபோதும் ஆடினோம். தொலைபேசியில் அக்கா எல்லா எண்களையும் இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டார். பிறகு சொன்னார்.

"சரி, பஸ் ஏறு."

ஏறினோம். துணியில் சுற்றிய குப்பிகளை மடியில் வைத்திருந்ததைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"என்னாம்மா அது, கலர் கலரா? சரக்கா?"

"ஆராய்ச்சிங்க."

"எல்லாரும் அங்கேருந்து இங்க கடத்துவாங்கோ. இங்கேருந்து அங்க கொண்டுபோறது நீங்க ரெண்டு பேருதான்." பேருந்தே சிரித்தது. ஜூஜுவாடியில் ஏறிய காவலர் குப்பியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். ஜவ்வரிசிக் கஞ்சி லேசாகப் புளிக்கத் தொடங்கியிருந்தது.

ஆய்வுக்கூடத்து லேசர் என் பேனாவைப் போல் தொடர்ந்து எரிவதில்லை. டக், டக், டக் என்று துடிப்பு துடிப்பாக அடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் என் பேனா கனவிலும் காணாத வலிமை. கண் பாதுகாப்புக்கு ஆரஞ்சுக் கண்ணாடிகளை மாட்டிக்கொண்டோம். கணினித் திரையில் குப்பியிலிருந்து வரும் ஒளி எந்தெந்த நிறத்தில் எவ்வளவு என்று கோடு வரைந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு நிபந்தனை போட்டார். எந்தக் குப்பியை உள்ளே வைக்கிறார் என்று என்னிடம் சொல்லமாட்டார். நான் லேசரின் வலிமையைக் கூட்டும் குமிழை மட்டும் திருப்ப வேண்டும்.

முதல் குப்பி. குமிழை மெல்லத் திருப்பினேன். திரையில் ஒரு மேடு, ராயக்கோட்டை சாலையிலிருந்து பார்த்தால் தெரியுமே, அந்த மாதிரி அகன்ற பாறை மலை. திருப்பத் திருப்ப மலை வளர்ந்தது, மலையாகவேதான் வளர்ந்தது. ரொம்பத் தூரம் திருப்பிய பிறகுதான் உச்சியில் மெதுவாக ஒரு கூர் எழுந்தது.

இரண்டாவது குப்பி. அதே மலை. திருப்பினேன். பாதித் தூரம்கூடப் போயிருக்க மாட்டேன், மலை நடுவிலிருந்து ஒரு ஊசி விருட்டென்று மேலே போனது. சுற்றியிருந்த மேடு சின்னதாகிக் கீழே கிடக்க, ஊசி மட்டும் திரையின் மேல் விளிம்பைத் தொட்டது. பேருந்து மொத்தமும் எழுந்துவிட்டது! கையைக் குமிழிலிருந்து எடுத்துவிட்டேன்.

"இதுதானேக்கா வெள்ளி? இதுதானே?"

அக்கா குப்பிகளை மாற்றி மாற்றி வைத்து மறுபடியும் திருப்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஒன்று சோம்பேறி மலை, ஒன்று அவசர ஊசி. கடைசியில் குப்பியை வெளியே எடுத்து, அடியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். வெள்ளி.

தோழி என்னைக் கிள்ளிய இடம் மூன்று நாள் சிவந்திருந்தது.

"சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடுங்க, ரெண்டு பேரும்" என்றார் அக்கா. "உங்க சார்க்கு நான் லெட்டர் தரேன். விளக்கெண்ணெய வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு." நான் வாயெல்லாம் பல்லாக நிற்பதைப் பார்த்துவிட்டு உடனே அடுத்த கேள்வியையும் போட்டார். "ஆனா ஒண்ணு சொல்லு. ஊசி சீக்கிரம் வந்ததுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். வெள்ளிகிட்ட ஒளி குவிஞ்சதால வந்திருக்கலாம். இல்ல, வெள்ளித் துகள்ல முட்டி முட்டி ஒளி உள்ளேயே சுத்திச் சுத்தி வந்து, அதனால ரொம்ப நேரம் பெருகியிருக்கலாம். இதுல எது?"

வரும் வழியெல்லாம் அதுதான் பேச்சு. பேருந்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியிலிருந்து ஒரு கை தள்ளி நின்று பார்த்துக்கொண்டே வந்தேன். அத்திப்பள்ளி தாண்டும்போது வழி கிடைத்தது. வெள்ளி பிடித்துக்கொள்ளும் நிறம் ஊதாப் பக்கம், நம் பச்சை லேசருக்குத் தூரம். தங்கம் பிடித்துக்கொள்வதோ பச்சையையே. தங்கத் துகள் தண்ணீரில் மாதுளைச் சாறாகச் சிவப்பது அதனால்தான். முட்டுவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி அளவு பார்த்துச் செய்துவிட்டால், குவிப்பதில் மட்டும்தான் வித்தியாசம். தங்கக் குப்பியில் ஊசி முந்தினால் குவிப்புதான் காரணம், இரண்டிலும் ஒன்றாக வந்தால் முட்டல்தான். கூடவே கஞ்சிச் சட்டையைக் கொஞ்சம் தடிமனாக, கொஞ்சம் மெல்லியதாக மாற்றி, அந்த ஒரு கை தூரம் உண்மையில் எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம்.

இதைச் சொன்னதும், தங்கத் துகள் செய்ய வேண்டிய தங்க உப்புக்கு ஆர்டர் போட்டிருப்பதாக அக்கா சொன்னார். அந்த ஆர்டர் கையெழுத்துகளையெல்லாம் தாண்டிப் பொங்கலுக்குப் பிறகுதான் வருமாம். அதுவரை சும்மா இருக்கச் சொன்னால் எப்படி? எங்கள் வீட்டு அலமாரியில், ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில், மரை போன ஒற்றைத் தங்கத் திருகாணி ஒன்று கிடக்கிறது. அதோடு செம்பு கலந்திருக்கும், பிரிக்க வேண்டும், அதையெல்லாம் படித்தும் வைத்துவிட்டேன். தோழி இப்போதே சொல்லிவிட்டாள், அம்மாவிடம் அதைக் கேட்கிறபோது அவள் பக்கத்தில் இருக்கமாட்டாளாம்.

நாளைக் காலை அம்மா அப்பாவின் வேட்டிகளுக்குக் கஞ்சி போடப் போகிறாள். நானே காய்ச்சித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கை நிறையக் கஞ்சியோடு அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது மெதுவாகப் பேச்சை எடுக்க வேண்டும். "அம்மா, அந்த ஒத்தத் திருகாணிய யாரும் போட்டுக்கப் போறதில்லல்லா?" என்றுதான் தொடங்குவதாக இருக்கிறேன்.